மறைவில் படம் எடுப்பவன் குற்றவாளியா?

தொப்பம்பட்டி முதலிய கிராமங்களில் உள்ள தோழர்கள் பலர் இப்போது நம்மை ஒரே கேள்வி கேட்கின்றார்கள். லஞ்சம் கேட்கும் உத்தியோகஸ்தனையும், டீக்கடையில் ஜாதிக்கொரு குவளை வைத்திருப்பவனையும், குறி சொல்லிக் காசு பறிக்கும் சாமியாரையும் அவர்களுக்குத் தெரியாமல் செல்போனில் பதிவு செய்து வெளியிடலாமா, வெளியிட்டால் ஜெயிலுக்குப் போக நேரிடுமா என்பதே அக்கேள்வி. இதற்குத் "தாராளமாகச் செய்யலாம், ஒன்றும் வராது" என்று சொல்லுகின்ற கூட்டமும் இருக்கின்றது. "கூடவே கூடாது, அது அயோக்கியத்தனம்" என்று சொல்லுகின்ற கூட்டமும் இருக்கின்றது. இவ்விரு கூட்டத்தாரும் மக்களை ஏய்க்கின்றார்கள் என்பதே நமது அபிப்பிராயம். முன்னவர்கள் ஏழையை வழக்கில் மாட்டி வைக்கின்றார்கள். பின்னவர்கள் திருடனைக் காப்பாற்றுகின்றார்கள்.

முதலில் பின்னவர்களைக் கவனிப்போம். ஒரு குடியானவன் பட்டா மாற்றலுக்காகப் பழனிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் பஸ் சார்ஜு கொடுத்து நடையாய் நடக்கின்றான். கடைசியில் ஒரு தொகை கேட்கப்படுகின்றது. கேட்பவன் எழுதிக் கேட்கின்றானா? ரசீது கொடுத்து வாங்குகின்றானா? நாலு பேர் முன்னிலையில் கேட்கின்றானா? இல்லையே! கதவைச் சாத்திவிட்டு, காதோடு காதாக, அதுவும் தரகன் வாயால் கேட்கின்றான். நாளைக்கு "அப்படிக் கேட்கவே இல்லை" என்று அவன் சத்தியம் செய்தால், குடியானவன் வாய்ச்சொல்லுக்கு என்ன மதிப்பு? மறைவில் செய்யப்படும் குற்றத்துக்கு மறைவில் எடுக்கப்படும் சாட்சியைத் தவிர வேறு சாட்சி எங்கிருந்து வரும் என்று கேட்கின்றோம். இருட்டில் திருடுகின்றவன், "விளக்கை ஏற்றுவதற்கு முன் என்னிடம் சம்மதம் கேட்டாயா?" என்று கேட்பதற்கு அந்தரங்க உரிமை என்று பெயர் வைத்தால் அதை எந்த மானமுள்ள மனிதன் ஒப்புக்கொள்ளுவான்?

அன்றியும், மறைவில் பதிவு செய்வது அயோக்கியத்தனம் என்றால் அதை முதன்முதல் செய்தது யார்? சர்க்காரேயாகும். 1964ம் வருஷத்தில் பம்பாயில் பிரேத விசாரணை அதிகாரியாயிருந்த ஒருவர் ஒரு டாக்டரிடம் 20,000 ரூபாய் கேட்டுப் பிறகு 10,000த்துக்கு இறங்கி வந்தார். போலீசார் டெலிபோனில் ரிக்கார்டு மெஷினை மாட்டி அந்தப் பேச்சைப் பிடித்தார்கள். அவர் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போய், "எனக்குத் தெரியாமல் பதிவு செய்தது செல்லாது" என்று வாதாடினார். பேசிய இருவரில் ஒருவர் சம்மதித்திருக்கின்றார், அந்தச் சாட்சி செல்லும் என்று 1972ல் கோர்ட்டு சொல்லிவிட்டது. அதற்கும் முன்பே, 1967ல், ஒரு வீட்டு அறையில் நடந்த லஞ்சப் பேச்சை மறைவாகப் பதிவு செய்த நாடாவையும் அதே கோர்ட்டு ஏற்றுக்கொண்டது. புருஷன் பெண்சாதி பேச்சை மறைவில் பதிவு செய்தது கூடக் குடும்ப வழக்கில் சாட்சியாகலாம் என்று 2025 ஜூலையில் சொல்லப்பட்டிருக்கின்றது. ஆகவே, "தெரியாமல் எடுத்தது கோர்ட்டில் நிற்காது" என்று தாலூகா ஆபீசு வாசலில் யாராவது உங்களை மிரட்டினால் அது வெறும் பூச்சாண்டி என்று அறியுங்கள்.

உத்தியோகஸ்தன் தன் உத்தியோகத்தைப் பார்க்கும்போது அவனுக்கு அந்தரங்கம் என்பதே மிகக் குறைவு. இந்த நியாயமும் நமது தமிழ்நாட்டு வழக்கொன்றில்தான் பிறந்தது. தூக்குத் தண்டனைக் கைதியாயிருந்த ஆட்டோ சங்கர் என்பவரின் சுயசரித்திரத்தை "நக்கீரன்" பத்திரிகை வெளியிட முனைந்தபோது, தங்கள் பெயர் அதில் வந்துவிடுமே என்று பயந்த அதிகாரிகளுக்காகச் சிறைத்துறை தடுத்துப் பார்த்தது. 1994ல் சுப்ரீம் கோர்ட்டு, ஒவ்வொரு மனிதனுக்கும் தன்னைத் தனியே விட்டுவிடும்படி கேட்க உரிமை உண்டு என்றும், ஆனால் பொது உத்தியோகஸ்தன் தன் கடமை சம்பந்தமாகச் செய்த காரியத்துக்கு அந்த உரிமையைக் காட்டித் தப்ப முடியாது என்றும் தீர்ப்பளித்தது. 2017ல் ஒன்பது நீதிபதிகள் கூடி அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நிலைநாட்டினார்களே என்றால், ஆம், நிலைநாட்டினார்கள். அது நம் படுக்கையறைக்கும், நம் உடம்புக்கும், நம் மனத்துக்கும் கிடைத்த காவல். லஞ்சப் பணம் வைக்கும் மேஜை டிராயருக்குக் கிடைத்த பூட்டல்ல.

நிற்க, இனி முன்னவர்களைக் கவனிப்போம். "செல்போனை எடு, பிடி, போடு, ஊரெல்லாம் பார்க்கட்டும்" என்று இளைஞர்களைக் கிளப்பிவிடுகின்றவர்கள், கோர்ட்டில் சாட்சி செல்லும் என்பதையும், சாட்சி எடுத்தவன் தப்புவான் என்பதையும் ஒன்றாக்கிக் குழப்புகின்றார்கள். இவ்விரண்டும் வேறு வேறு. உங்கள் படம் திருடனுக்குத் தண்டனை வாங்கிக் கொடுக்கும் அதே நாளில் உங்களுக்கும் ஒரு சம்மன் வரக்கூடும். எப்படி என்றால், ஒவ்வொன்றாகச் சொல்லுகின்றோம்.

முதலாவது, லஞ்சத்தைக் கொடுத்துப் படமெடுப்பது. 2018ம் வருஷம் லஞ்ச ஒழிப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, லஞ்சம் கொடுப்பதும் ஏழு வருஷம் வரை தண்டிக்கக்கூடிய குற்றம் என்று ஆக்கிவிட்டார்கள். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவன் ஏழு நாளைக்குள் போலீசுக்கோ விசாரணை அதிகாரிக்கோ அறிவித்துவிட்டால் தப்பலாம். முன்கூட்டியே அறிவித்துவிட்டு, பிடித்துக்கொடுப்பதற்காகக் கொடுத்தவனும் தப்பலாம். ஆனால் யாருக்கும் சொல்லாமல் பணத்தைக் கொடுத்து, படத்தை எடுத்து, ஒரு மாதம் பெட்டியில் வைத்திருந்து, தேர்தல் சமயத்தில் வெளியே விட்டவன் கதி என்ன? "பொது நன்மைக்காகவே செய்தேன்" என்று சொன்னால் மட்டும் போதாது. 2003ல் மத்திய மந்திரி திலீப் சிங் ஜூதேவ் ஓட்டல் அறையில் பணம் வாங்குவதாக ஒரு படம் வெளிவந்து மந்திரி பதவி போயிற்று. படமெடுத்த ஏற்பாட்டில் இருந்தவர்கள் மீதும் வழக்கு வந்தது. பொது நன்மை என்று சொல்லிவிட்டதாலேயே குற்றம் அழிந்துபோகாது, நோக்கம் என்ன என்பது விசாரணையில்தான் தெரியவேண்டும் என்று 2014ல் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பார்லிமெண்டில் கேள்வி கேட்பதற்குக் காசு வாங்கிய அங்கத்தினர்களை 2005ல் சில பத்திரிகைக்காரர்கள் மறைவில் படமெடுத்துக் காட்டினார்கள். 11 பேர் பதவியிழந்தார்கள். டில்லிப் போலீசாரோ படமெடுத்தவர்களையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். லஞ்சத்தை அம்பலப்படுத்துவது பிரஜையின் கடமையைச் சேர்ந்தது என்று 2010ல் டில்லி ஐகோர்ட்டு அந்த வழக்கைத் தள்ளியது. நியாயம் கிடைத்ததென்று சந்தோஷப்படுவோம். ஆனால் அதுவரையில் ஐந்து வருஷ காலம் கோர்ட்டுக்கும் வக்கீலுக்கும் அலைய டில்லிப் பத்திரிகைக்காரருக்கு முடியும், தொப்பம்பட்டிக் குடியானவனுக்கு முடியுமா?

இரண்டாவது, பிறர் பேச்சை ஒட்டுக் கேட்பது. நீங்கள் பேசும் பேச்சை நீங்களே பதிவு செய்வது வேறு. வேறு இருவர் டெலிபோனில் பேசிக்கொள்வதைக் கருவி வைத்துப் பிடிப்பது வேறு. பின்னதற்கு 2023ம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் மூன்று வருஷம் வரை சிறையும் இரண்டு கோடி ரூபாய் வரை அபராதமும் இருக்கின்றது.

மூன்றாவது, வேஷம் போடுவது. போலீஸ்காரன் என்றோ, அதிகாரி என்றோ நடித்து உள்ளே நுழைந்தால் அந்த நடிப்பே தனிக் குற்றம். பிறர் வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்தால் அதுவும் தனிக் குற்றம். "ஐயாயிரம் கொடு, இல்லாவிட்டால் படத்தை வெளியிடுவேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதோடு நீங்கள் மிரட்டிப் பணம் பறிப்பவன் ஆகிவிடுகின்றீர்கள். நிருபர் என்று காகிதத்தில் அட்டை அச்சடித்துக்கொண்டு இந்தத் தொழில் நடத்துகின்றவர்கள் ஊர்தோறும் இருக்கின்றார்கள். இவர்களுக்கும் லஞ்சம் வாங்குகின்றவனுக்கும் நாம் வித்தியாசம் காணவில்லை. பறிக்கும் இடம்தான் வேறு.

நான்காவது, கத்தரித்து ஒட்டுவது. 2001ல் "தெஹல்கா" காட்டிய படத்தால் ஒரு பெரிய கட்சியின் தலைவராயிருந்த பங்காரு லட்சுமணன் ஒரு லட்ச ரூபாய் வாங்கியது ஊரறிந்தது. 2012ல் அவருக்கு நாலு வருஷ தண்டனையும் கிடைத்தது. அது நல்ல காரியமே. ஆனால் அதே படத் தொடரில் ஒரு ராணுவ அதிகாரியைப் பற்றி, அவர் கேட்காத பணத்தைக் கேட்டதாகச் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள். அவர் 22 வருஷம் அந்தப் பழியைச் சுமந்தார். 2023ல் டில்லி ஐகோர்ட்டு அவருக்கு இரண்டு கோடி ரூபாய் நஷ்டஈடு கொடுக்கும்படி உத்தரவிட்டது. இதைவிடக் கொடியது 2007ல் டில்லியில் நடந்தது. ஒரு பள்ளி உபாத்தியாயினி தம் மாணவிகளை விபசாரத்தில் தள்ளுகின்றார் என்று ஒரு டெலிவிஷன் கம்பெனி மறைவுப் படம் காட்டிற்று. கூட்டம் பள்ளிக்கூடத்தில் புகுந்து அந்த அம்மையாரை அடித்து உடையைக் கிழித்தது. வேலையும் போயிற்று. பிறகு பார்த்தால் அது கட்டிவிட்ட கதை! கம்பெனிக்கு ஒரு மாதத் தடை விதித்தார்கள். அந்த அம்மையாரின் மானத்துக்கு எத்தனை மாதத் தடை ஈடாகும்?

ஐந்தாவதாக நாம் சொல்லுவதை நம் தோழர்கள் சற்று நிதானமாகக் கேட்கவேண்டும். சாமியார்களின் புரட்டை வெளியாக்குகின்றோம் என்று சொல்லிக்கொண்டு படுக்கையறையில் காமிரா வைப்பதை நாம் ஆதரிக்க முடியாது. 2010 மார்ச்சில் நித்தியானந்தாவின் அறையில் எடுக்கப்பட்ட படம் டெலிவிஷனில் ஓடியது. நாடே பார்த்தது. பலன் என்ன? படமெடுத்த சீடர் மீதே மிரட்டிப் பணம் கேட்டார் என்ற புகார் கிளம்பிற்று. அதில் காணப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஒரு பெண்ணின் பெயர் சந்திக்குச் சந்தி இழுபட்டது. படித்தவனும் பணக்காரனும் அந்த மனிதரிடம் ஏன் ஏமாந்தார்கள், பணமும் நிலமும் எப்படிச் சேர்ந்தன என்ற முக்கிய சங்கதியோ காற்றில் போயிற்று. கற்பழிப்பு வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட அவரோ பிறகு நாட்டை விட்டே ஓடிவிட்டார். பெண்ணொருத்தியின் அந்தரங்க நிலையை மறைந்திருந்து படமெடுப்பது இன்றைய சட்டப்படி முதல் தடவைக்கே ஒரு வருஷத்துக்குக் குறையாத, மூன்று வருஷம் வரையிலான தண்டனைக்குரியது. மறு தடவைக்கு ஏழு வருஷம் வரை போகும். இந்தச் சட்டம் இருக்கவேண்டியதுதான். பெண்ணுக்கு மானமும் சுதந்திரமும் வேண்டும் என்று மேடையில் பேசிவிட்டு, அவள் அறைக்குள் எட்டிப் பார்ப்பவன் பகுத்தறிவுவாதியாக மாட்டான்.

சாமியார் புரட்டை எப்படிப் பிடிப்பது என்பதற்கு அமெரிக்கா தேசத்து உதாரணம் ஒன்று இருக்கின்றது. பீட்டர் பாப்பாஃப் என்ற பாதிரி, கூட்டத்தில் வந்திருப்பவர்களின் பெயரையும் நோயையும் கடவுள் தம் காதில் சொல்லுவதாகக் கூறிப் பணம் திரட்டி வந்தார். ஜேம்ஸ் ராண்டி என்ற மந்திரவித்தைக்காரர் 1986ல் ஒரு ரேடியோக் கருவியோடு போய் உட்கார்ந்து கேட்டால், காதில் பேசியது கடவுளல்ல, பாதிரியின் பெண்சாதி! ஜனங்கள் முன்பே எழுதிக் கொடுத்த ஜெபச் சீட்டுகளைப் பார்த்து அந்த அம்மாள் ரேடியோவில் ஓதிக்கொண்டிருந்தார். ராண்டி அதைப் பதிவு செய்து டெலிவிஷனில் போட்டுக் காட்டினார். அடுத்த வருஷமே பாதிரி திவால் ஆனார். ராண்டி பாதிரியின் படுக்கையை நாடவில்லை, மேடையில் ஜனங்களை ஏமாற்றிய அந்த மோசத்தையே நாடினார். ஆனாலும் அதே காரியத்தை இன்று இந்நாட்டில் ஒருவர் செய்தால், மேலே சொன்ன தொலைத்தொடர்புச் சட்டம் பாதிரியை விட்டுவிட்டு ராண்டியைப் பிடிக்கக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். பாதிரி இன்னொரு முறை கடையைத் திறந்து "அற்புதத் தண்ணீர்" கொடுக்கப் புறப்பட்டதும் உண்மை. படம் மட்டும் மூடநம்பிக்கையை ஒழித்துவிடாது.

அப்படியானால் என்னதான் செய்வது என்றால், நமது ஜில்லாவிலேயே வழி காட்டப்பட்டிருக்கின்றது. 2023ம் வருஷம் டிசம்பர் 1ந் தேதி திண்டுக்கல்லில், ஒரு சர்க்கார் டாக்டரிடம் 20 லட்ச ரூபாய் வாங்கினார் என்று மத்திய அமலாக்கத் துறை அதிகாரி ஒருவரையே மாகாண லஞ்ச ஒழிப்புப் போலீசார் கைது செய்தார்கள். குற்றவாளியா இல்லையா என்பதைக் கோர்ட்டு சொல்லட்டும். நாம் கவனிக்கவேண்டியது, அன்றைய பணத்தைக் கொடுக்குமுன் புகார் போயிற்று என்பதே. புகார் முன்னே போனால், நோட்டில் ரசாயனப் பொடி தடவி, வாங்கினவன் கையைச் சோடா உப்புக் கரைசலில் முக்கி, தண்ணீர் ரோஜா நிறமாவதைச் சாட்சிகள் பார்க்கும்படி செய்வது போலீசாரின் வேலையாகிவிடுகின்றது. சட்டம் உங்கள் பக்கம் நிற்கின்றது. எனவே, கேட்டதைப் பதிவு செய்யுங்கள், ஆனால் கொடுப்பதற்கு முன் புகார் செய்யுங்கள்.

டீக்கடையில் இரட்டைக் குவளையா? அது பொது இடம். உள்ளே போய் உட்கார்ந்து நடப்பதை நடப்பபடியே எடுங்கள். ஜாதிப் பெயர் சொல்லி வைதானா? அவன் முகத்தை மட்டும் எடுக்காமல், அந்த இடத்தையும், நின்று கேட்டவர்களையும் சேர்த்து எடுங்கள். ஏனென்றால், பிறர் காணும் இடத்தில் வைதால்தான் வன்கொடுமைச் சட்டம் பிடிக்கும், நாலு சுவருக்குள் பிறத்தியார் இல்லாதபோது வைதால் பிடிக்காது என்று 2020ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியிருக்கின்றது. வாயைக் கிளறி, வம்புக்கிழுத்து, அவன் சொல்லாததைச் சொல்ல வைத்து எடுக்காதீர்கள். எடுத்த செல்போனை அப்படியே பத்திரப்படுத்துங்கள். நறுக்காதீர்கள், பாட்டுச் சேர்க்காதீர்கள், மூலத்தை அழித்துவிட்டு நகலை வைத்துக்கொள்ளாதீர்கள். நகலைக் கொண்டுபோனால் அதற்குச் சட்டப்படி சர்ட்டிபிகேட்டு வேண்டுமென்று 2020ல் கோர்ட்டு திட்டமாகச் சொல்லியிருக்கின்றது. பொய்ப்படமும் பொய்க்குரலும் மெஷினே செய்துவிடும் இக்காலத்தில், "அது நானல்ல, என் குரலல்ல" என்பதே ஒவ்வொரு திருடனுக்கும் முதல் பதில். 2017ல் எம்.எல்.ஏ.க்களுக்கு விலை பேசப்பட்டதாக மறைவுப் படம் வந்தபோது மதுரை எம்.எல்.ஏ. ஒருவர் குரல் தம்முடையதல்ல என்றுதான் சொன்னார். மூலம் கையில் இருந்தால்தான் அந்த வாயை அடைக்கலாம்.

இவ்வளவு ஜாக்கிரதையும் எதற்கென்றால், இந்த ஆயுதம் மிகவும் விலை உயர்ந்தது. 2025 ஜூன் மாதம் சிவகங்கை ஜில்லா மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் என்ற வாலிபர், ஒரு நகைத் திருட்டுப் புகாரின் பேரில் போலீசாரால் அடிக்கப்பட்டு 28ந் தேதி மாண்டார். கோயிலில் வேலை பார்த்த ஒருவர் மறைவிலிருந்து செல்போனில் எடுத்த சிறு படந்தான் அந்த அடியை உலகத்துக்குக் காட்டிற்று. மதுரை ஐகோர்ட்டுக் கிளைக்கு அது சென்றது. போலீசார் ஐந்து பேர் கைதானார்கள், விசாரணை சி.பி.ஐ.க்குப் போயிற்று. படமெடுத்தவரோ தம் உயிருக்குப் பாதுகாப்புக் கேட்டு மனுப்போட வேண்டியிருந்தது! அடிப்பவனைப் படமெடுத்தவன் ஒளிந்து வாழவேண்டிய நாட்டில், அந்தரங்கத்தைப் பற்றி நமக்கு உபதேசம் செய்ய அதிகாரவர்க்கத்துக்கு என்ன யோக்கியதை இருக்கின்றது?

போலீஸ் ஸ்டேஷன்களில் படமும் சப்தமும் பதியும் காமிராக்கள் வைக்கவேண்டுமென்று 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. அதற்கு ஆறு மாதம் முன்பு, தந்தையும் மகனும் அடித்துக் கொல்லப்பட்ட சாத்தான்குளம் ஸ்டேஷனில் காமிரா இருக்கத்தான் இருந்தது. ஆனால் படம் தினந்தோறும் தானே அழியும்படி வைக்கப்பட்டிருந்ததென்று விசாரித்த மேஜிஸ்ட்ரேட் எழுதினார். அவர்கள் கையில் உள்ள காமிரா அழிக்கும், நம் கையில் உள்ளது காட்டும். இதுதான் அவர்களுக்குள்ள கோபத்தின் ரகசியம். முன்வாசலும் திறந்திருக்கவில்லை. தகவல் அறியும் சட்டத்தில் பொது நன்மைக்காகத் தனிமனிதர் பற்றிய விவரம் கேட்க இருந்த வழியை 2023ம் வருஷத்துச் சட்டத்தின் மூலம் குறுக்கினார்கள். ஊழலைச் சொல்லுகின்றவனைக் காப்பதற்காக 2014ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டமோ பத்து வருஷம் கடந்தும் நடைமுறைக்கு வராமல் தூங்கிற்று. கேட்டால் கொடுக்கமாட்டார்கள், எடுத்தால் பிடிப்பார்கள், சொன்னால் காக்கமாட்டார்கள். இதற்குப் பெயர் ஜனநாயகமாம்!

ஆகையால் நமது கோரிக்கை இரண்டே. ஊழலையும் வன்கொடுமையையும் வெளியாக்குவதற்காக, பணம் பறிக்கும் எண்ணமின்றி, மூலத்தை மாற்றாமல் அதிகாரியிடமோ கோர்ட்டிடமோ கொடுக்கும் பிரஜை மீது வழக்கு இல்லை என்று சட்டத்திலேயே எழுதவேண்டும். 2014ம் வருஷத்துச் சட்டத்துக்கு உயிர் கொடுக்க வேண்டும். அதுவரையில் தோழர்கள் சட்டம் தெரிந்து நடந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு கிராமத்திலும் நாலு பேராவது இந்தச் சங்கதிகளைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும். அடுத்த வாரம் பட்டாவுக்காக ஆபீசு வாசலில் நிற்கப்போகும் குடியானவன் கையில் இருக்கும் செல்போன் அவனுக்கே விலங்காகாமல், வாங்குகின்றவனுக்கு விலங்காக வேண்டுமென்றால், இதைத் தவிர வேறு வழி இன்று இல்லை.